பச்சை குத்திய கையில் ஸ்மார்ட் வோட்ச்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பண்டத்தரிப்பு, இளவாலை, சில்லாலை, மாதகல் என்று எங்கட பக்கத்தில் பல வீடுகளில் இன்று ஒரு ஸ்மார்ட் வோட்சாவது இருக்கிறது. கனடாவில் இருக்கும் மகன் அப்பாவின் நாடித்துடிப்பைக் கவனிக்க அனுப்பியிருப்பார். லண்டனிலிருந்து வந்த பேத்தி தன் பழைய வோட்சை அம்மம்மாவின் கையில் கட்டிவிட்டுப் போயிருப்பார். மணிக்கட்டில் வேலோ சிலுவையோ பெயரோ பச்சை குத்திய பிள்ளைகளும் அதே வீடுகளில் இருக்கிறார்கள். பச்சையும் வோட்சும் ஒரே கைக்கு வரும்போது சில தடங்கல்கள் வருவது உண்மை. ஆனால் அந்தத் தடங்கல்களை விடப் பெரிதாக வளர்ந்திருப்பவை அவற்றைப் பற்றிய கதைகள். வோட்சின் ஒளியை மை மறைத்தால் அதற்கு மாற்று வழி உண்டு. வெட்கத்தால் வைத்தியரிடம் மறைக்கும் செய்திக்குத்தான் மாற்று வழி கிடையாது. அதனால்தான் இந்தக் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை 1: "நாடி காட்டவில்லை என்றால் அது டூப்ளிகேட் வோட்ச்."

உண்மை: விலை கூடிய அசல் வோட்சும் பச்சை குத்திய இடத்தில் தடுமாறும். வோட்சை உடற்பயிற்சிப் பதிவில் போட்டுவிட்டு, இருட்டில் மணிக்கட்டிலிருந்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் பச்சை ஒளி தெரியும். அது எல்.ஈ.டி. விளக்கு, வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை மின்னும். இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். இதயம் துடிக்கும் கணத்தில் மணிக்கட்டில் இரத்தம் கூடும், திரும்பி வரும் ஒளி குறையும். இரண்டு துடிப்புகளுக்கு நடுவில் இரத்தம் குறையும், ஒளி கூடும். இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் வோட்ச் நாடித்துடிப்பைச் சொல்கிறது.

பச்சை குத்தும் மை தோலின் மேற்படையில் நிற்பதில்லை. அதற்குக் கீழே உள்ள உள்தோலில் தங்குகிறது. கறுப்பு மையின் பெரும்பகுதி கரி. கரி எல்லா நிற ஒளியையும் விழுங்கும். கிடுகு அடைத்த வேலிக்கு அப்பால் முற்றத்தில் நடப்பது தெரியாதது போல, அடர்ந்த மைக்குக் கீழே இரத்தம் ஓடுவது வோட்சுக்குத் தெரியாது.

2015 ஏப்ரல் 24ஆம் திகதி அப்பிள் வோட்ச் விற்பனைக்கு வந்த சில நாட்களிலேயே, மணிக்கட்டு முழுவதும் பச்சை குத்தியவர்கள் இந்தக் குறையைக் கண்டுபிடித்தார்கள். நாடி வரவில்லை. அதோடு, தன்னை யாரோ கழற்றிவிட்டார்கள் என்று வோட்ச் நினைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பூட்டிக்கொண்டது. சில பச்சைகளின் மையும் வடிவமும் அடர்த்தியும் உணரியின் ஒளியைத் தடுக்கலாம் என்று அப்பிள் நிறுவனம் பிறகு தன் உதவிக் குறிப்பில் எழுதியது. வேறு பெரிய நிறுவனங்களின் குறிப்புகளிலும் இதே எச்சரிக்கை உண்டு. ஆகவே, வாங்கிய கடையோடு சண்டைக்குப் போக முன்னர் வோட்சை மற்றக் கையில் கட்டிப் பாருங்கள். அங்கே ஒழுங்காகக் காட்டினால் வோட்சில் பிழையில்லை.

நம்பிக்கை 2: "பச்சை குத்தின கைக்கு ஸ்மார்ட் வோட்ச் முழுக்க வீண்."

உண்மை: எல்லாப் பச்சையும் ஒன்றல்ல, வோட்சின் எல்லா வேலையும் ஒளியை நம்பி நடப்பதுமில்லை. மெல்லிய கோடுகளால் ஆன வேலோ ஓர் எழுத்தோ பெரும்பாலும் தடையாக இருக்காது. மைக்கு இடையில் வெறுந்தோல் இருக்கிறது, அதன் வழியாக ஒளி போய் வரும். தொல்லை தருவது கறுப்பு போன்ற கடும் நிறத்தால் முழுக்க நிரப்பிய பரப்புத்தான்.

நடையை எண்ணுவது அசைவு உணரி. அதற்கும் மைக்கும் தொடர்பில்லை. மணி, அழைப்பு, குறுஞ்செய்தி, ஜீ.பி.எஸ். எதுவும் மாறாது. சில வோட்சுகளில் விரலை வைத்து எடுக்கும் ஈ.சி.ஜி. இதயத்தின் மின் சைகையைப் பதிவது. அதை மை மறைக்காது. ஒளியை நம்பியிருப்பவை நாடித்துடிப்பு, இரத்த ஒக்சிஜன், பின்னணியில் நடக்கும் ஒழுங்கற்ற துடிப்பு எச்சரிக்கை, 'வோட்ச் கையில்தான் இருக்கிறதா' என்று அறிவது ஆகியவை.

கடைசியாகச் சொன்னதில் ஒரு கவனம் வேண்டும். அடிக்கடி பூட்டிக்கொள்கிறதே என்று மணிக்கட்டு அறிதலை அணைத்துவைக்கச் சிலர் ஆலோசனை சொல்வார்கள். அப்பிள் வோட்சில் அதை அணைத்தால், கட்டியிருப்பவர் கடுமையாக விழுந்தாலும் வோட்ச் தானாக அவசர அழைப்பு எடுக்காது. தனியாக இருக்கும் முதியவருக்கு அந்த ஒரு வசதிக்காகத்தான் பிள்ளைகள் வோட்சை அனுப்பியிருப்பார்கள். அணைப்பதை விட, கையை மாற்றிக் கட்டுவதே சரி. ஓட்டப் பயிற்சி செய்கிறவர் புளூடூத் வழியாக இணையும் நெஞ்சுப் பட்டியை வாங்கலாம். அது மின் சைகையைப் படிப்பதால் மணிக்கட்டின் மை அதற்கு ஒரு பொருட்டில்லை.

நம்பிக்கை 3: "எங்கட கறுத்தத் தோலும் பச்சை மாதிரித்தான். இந்தச் சாமான் வெள்ளைக்காரருக்குச் செய்தது."

உண்மை: இதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். தோலுக்கு நிறம் தரும் மெலனின் மேற்தோலில் பரவலாக இருப்பது. பச்சை மை அதற்கும் ஆழத்தில், ஒரே இடத்தில் குவிந்திருப்பது. இரண்டும் ஒளியை உறிஞ்சினாலும் அளவில் பெரிய வித்தியாசம் உண்டு. வெளிச்சம் போதாவிட்டால் விளக்கின் பிரகாசத்தைக் கூட்டிக்கொள்ளவும் சில வோட்சுகளால் முடியும்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல தோல் நிறங்களைக் கொண்ட 53 பேரிடம் மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். தோல் நிறத்தால் நாடித்துடிப்பின் துல்லியத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அசைவுதான் பெரிய குழப்பம்: ஓய்வில் இருப்பதை விட அசையும்போது பிழை சராசரியாக 30 சதவீதம் கூடியது.

ஆனால் விரலில் மாட்டும் ஒக்சிமீற்றரின் கதை வேறு. அதே 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. கருவி 92 முதல் 96 சதவீதம் என்று காட்டிய நேரத்தில் உண்மையில் இரத்த ஒக்சிஜன் 88 சதவீதத்துக்கும் கீழே இருந்த சந்தர்ப்பங்களை அது எண்ணியது. கறுப்பினத்தவரில் அது 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6 சதவீதம். அடுத்த பெப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதையொட்டி எச்சரிக்கை விடுத்தது. ஆகவே கருவி காட்டும் ஒக்சிஜன் அளவு நல்லதாக இருந்தும் மூச்சு முட்டினால், நம்ப வேண்டியது மூச்சைத்தான். உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

நம்பிக்கை 4: "பச்சைக்கு மேல் வோட்ச் கட்டினால் மை உருகும், கரண்ட் அடிக்கும். எம்.ஆர்.ஐ. எடுக்கவும் ஏலாது."

உண்மை: வோட்சின் எல்.ஈ.டி. சாதாரண ஒளி. மையை உருக்கும் வலுவும் கரண்ட் அடிக்கும் வலுவும் அதற்கில்லை. கவனிக்க வேண்டியது புதிதாகக் குத்திய இடத்தை. அது ஆறாத புண். அதன் மேல் இறுக்கமான பட்டியைக் கட்டினால் வியர்வையும் அழுக்கும் தேங்கிக் கிருமி தொற்றலாம். நன்றாக ஆறும் வரை வோட்சைத் தவிருங்கள்.

எம்.ஆர்.ஐ. பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. சில மைகளில் இரும்புச் சேர்மங்கள் இருக்கும், ஸ்கேனின்போது அவை சூடாகலாம் என்பதே பயம். ஆனால் பச்சை குத்திய 330 பேரை எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் பார்த்து 2019இல் வெளியான ஆய்வில், பச்சையோடு தொடர்புபடுத்தக்கூடிய இலேசான கூச்ச உணர்வு ஒருவருக்கு மட்டுமே வந்தது. அதுவும் ஒரு நாளுக்குள் மறைந்தது. பச்சை இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லுங்கள், சூடு தெரிந்தால் உடனே சைகை காட்டுங்கள். அதற்காக ஸ்கேனையே தவிர்க்க வேண்டாம்.

நம்பிக்கை 5: "பச்சை குத்துவது எங்கட பண்பாடில்லை. குத்தினவன் காவாலி."

உண்மை: இது நம்முடைய கிழவிகளுக்குத் தெரிந்த கலை. தமிழகத்தில் ஊர் ஊராகப் போய்ப் பச்சை குத்திய குறவர் பெண்களைப் பற்றி, சென்னை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய எட்கர் தர்ஸ்டன் நூறு வருடங்களுக்கு முன்பே விரிவாக எழுதினார். மை செய்யும் பக்குவத்தையும் அவர் பதிந்திருக்கிறார். மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் சேர்த்துத் துணியில் பொதிந்து திரியாக்குவார்கள். ஆமணக்கெண்ணெய் விளக்கில் அந்தத் திரியை எரிப்பார்கள். மேலே கவிழ்த்த சட்டியில் படியும் கரியைச் சுரண்டி, தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைப்பார்கள். கறுத்த கரிதான் உள்ளே போகிறது. தோல் ஒளியைச் சிதறடிப்பதால் வெளியில் நீலம் கலந்த பச்சையாகத் தெரிகிறது. இன்றைய கறுப்பு மையிலும் இருப்பது அதே கரிதான். முன்கையில் கோலமும் பெயரும் குத்திய மலையகப் பாட்டிமாரை யாரும் காவாலி என்று சொன்னதில்லை. பேரன் குத்தினால் மட்டும் குணத்தை அளப்பது என்ன நியாயம்?

அரச உத்தியோகத்தரும் இந்தப் பார்வைக்கு விலக்கில்லை. 2014 ஏப்ரலில் கையில் புத்தர் உருவம் பச்சை குத்தியிருந்த பிரித்தானியப் பெண் ஒருவரைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைது செய்து நாடு கடத்தினார்கள். 2017 நவம்பரில் உயர் நீதிமன்றம், அந்தக் கைதுக்குச் சட்ட அடிப்படையே இல்லை என்று தீர்ப்பளித்து 8 இலட்சம் ரூபா வழங்கச் சொன்னது. ஒருவரின் தோலைப் பார்த்து அவரைத் தீர்ப்பிடுவது சட்டத்தின் முன்னும் நிற்கவில்லை.

பெரியவர்களின் பயத்தில் ஒன்று மட்டும் மிகச் சரியானது: ஊசி. சுத்தமில்லாத ஊசியால் மஞ்சள் காமாலை தரும் ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்கள் பரவலாம். பச்சை குத்தியவர் சில மாதங்கள் இரத்ததானம் செய்யாமல் பொறுத்திருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதற்காகத்தான். வாழ்நாள் முழுக்க இரத்தம் கொடுக்க ஏலாது என்பது பொய். பிள்ளை பச்சை குத்தப் போகிறேன் என்றால் ஏசுவதை விட, புதிய ஊசியைக் கண் முன்னால் பிரிக்கச் சொல்லிக் கேட்கப் பழக்குவது உயிர் காக்கும்.

நம்பிக்கை 6: "வைத்தியரிடம் பச்சையைக் காட்டுவது வெட்கம். வோட்ச் சொல்லும் எண்ணைக் காட்டினால் போதும்."

உண்மை: எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான். வேலை நேர்முகத்துக்கும் கோயிலுக்கும் பெண் பார்க்கவும் போகும்போது மணிக்கட்டுப் பச்சையை மறைக்கப் பலரும் செய்வது, அதன் மேல் அகலமான வோட்சைக் கட்டுவதுதான். அதாவது உணரி வேலை செய்யாத இடத்திலேயே உணரியைக் கொண்டுபோய் வைக்கிறோம். ஊர் வாய்க்குப் பயந்து கட்டிய வோட்ச் நாடியைக் குறைத்தோ கூட்டியோ காட்டலாம், காட்டாமலும் விடலாம். அந்த எண்ணைப் பார்த்து ஒருவர் தனக்கு இதய நோய் என்று பதறுவார். இன்னொருவர் உண்மையான படபடப்பை "வோட்ச் சரி என்கிறது" என்று அலட்சியம் செய்வார். இரண்டாமவர்தான் ஆபத்தில் இருப்பவர். வைத்தியருக்கும் பட்டிக்குக் கீழே இருப்பது தெரியாது.

வைத்தியரிடம் மறைப்பது எங்கட பக்கத்துக்குப் பொருந்தாத பழக்கம். அமெரிக்க மிஷன் வைத்தியர் ஜோன் ஸ்கடர் 1820இல் பண்டத்தரிப்பில் இருந்துதான் தன் மருத்துவப் பணியைத் தொடங்கினார். பக்கத்துச் சில்லாலை தமிழ் வைத்தியத்துக்குப் பேர் போன ஊர். கொஞ்சம் தள்ளி மானிப்பாயில், அதே மிஷனின் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1848 தொடக்கம் எங்கட பிள்ளைகளுக்கு மேலை மருத்துவம் கற்பித்தார்; பின்னர் தமிழிலேயே அதைச் சொல்லிக்கொடுத்தார். மணிக்கட்டை வைத்தியரிடம் நீட்டி நோயைச் சொல்லிப் பழகிய மண்ணில், அந்த மணிக்கட்டையே மூடி வைக்கிறோம்.

நீங்களே சோதிக்க ஒரு வழி உண்டு. ஐந்து நிமிடம் ஆறி இருங்கள். பெருவிரலுக்கு நேர்கீழே, மணிக்கட்டின் ஓரத்தில் மற்றக் கையின் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் மெல்ல அழுத்துங்கள். 30 வினாடிக்கு வரும் துடிப்புகளை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். வளர்ந்தவருக்கு ஓய்வில் 60 முதல் 100 வரை வழமையானது. வோட்சின் எண்ணும் இந்த எண்ணும் கிட்டத்தட்ட ஒத்துப்போனால் நல்லது. தூர விலகினால் வோட்சைக் கை மாற்றிக் கட்டி மறுபடி பாருங்கள். கிளினிக்குக்குப் போகும்போது, "இந்தக் கையில் பச்சை இருக்கிறது, வோட்ச் இங்கே சரியாகக் காட்டாது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வரி தாதிக்கும் வைத்தியருக்கும் பெரிய உதவி.

பச்சையும் கருவியும் பரம எதிரிகள் இல்லை. 2011இல் இலினோய் பல்கலைக்கழகத்தின் ஜோன் ரோஜர்ஸ் குழு, சிறுவர்கள் ஒட்டி விளையாடும் தற்காலிகப் பச்சை போலத் தோலில் ஒட்டும் மெல்லிய மின்சுற்றைச் செய்து, அதன் மூலம் இதயத்தின் மின் சைகையைப் பதிந்து காட்டியது. அமெரிக்காவில் வளர்ந்தவர்களில் 32 சதவீதம் பேர் பச்சை குத்தியிருக்கிறார்கள் என்று 2023இல் பியூ ஆய்வு மையம் கணக்கிட்டது. இத்தனை பேரின் தோலைக் கணக்கில் எடுக்காமல் ஒரு மருத்துவக் கருவியைச் செய்வது இனிக் குறையாகவே எண்ணப்படும். நிறுவனங்கள் அதைத் திருத்த வேண்டும்.

நாங்கள் திருத்த வேண்டியது வேறு. வீட்டில் பச்சை குத்திய பிள்ளையை ஏசி ஏசி அந்தக் கையை மூட வைக்காதீர்கள். மூடிய கையோடு அந்தப் பிள்ளை தன் நோயையும் மூடிவைக்கும். பச்சை குத்தியவர்களே, வோட்சை மற்றக் கைக்கு மாற்றுங்கள். பச்சையை ஊருக்குக் காட்டுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். வைத்தியருக்கு மட்டும் ஒருபோதும் மறைக்காதீர்கள்.