மலைநாட்டில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோருக்கு

1934 முதல் மகஸ்தோட்ட மலையேற்றக் கார்ப் பந்தயத்தை அறிந்த நுவரெலியாவில், பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க விரும்புவோர், எஞ்சினின் உறுமலில் மயங்குமுன், மழையும் மூடுபனியும் அரித்திருக்கக்கூடிய சேசிஸ் எனப்படும் அடிச்சட்டத்தையும், அதில் பொறித்த எண் பதிவுப் புத்தகத்துடன் ஒத்துள்ளதா என்பதையும் பார்ப்பது நன்று. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால், காற்றையும் பெற்றோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேட்டர் கொண்ட கார்களில் பெற்றோலின் விகிதம் மிகுந்து, கரும்புகை எழுந்து, இழுவை குன்றும்; கொழும்பு மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரராயினும், அவர் அங்கு சரிசெய்ததை இங்கு மீண்டும் சரிசெய்தே ஆகவேண்டும். மேம்படுத்தும் பணத்தின் முதற்பங்கு பிரேக்குக்கே உரியது: ஈரத்தை உறிஞ்சிய பிரேக் எண்ணெய் றம்பொடை மலைச்சாலையின் நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால், மிதித்தும் கார் நில்லாது என்பதால், அந்த எண்ணெயை ஈராண்டுக்கு ஒருமுறை மாற்றுவது அவசியம். கூடுதல் குதிரைத்திறன் அதற்குப் பின்னரே.