பதினைந்து பவுண்டு மூட்டையும் ஐந்தரை என்ற எண்ணும்

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டுப் புல்தரை மொத்தம் 5,000 சதுர அடி. வாசல் பக்கம் 2,000, கொல்லைப் பக்கம் 3,000. போன வருடம் நான் வாங்கிய உர மூட்டை 15 பவுண்டு. 5,000 சதுர அடிக்குப் போதும் என்று அதன் முதுகிலேயே அச்சிட்டிருந்தது. அந்தக் கணக்குப்படி ஒரே மூட்டை வீடு முழுவதற்கும் வந்திருக்க வேண்டும். ஆனால் வாசல் பக்கம் முடிவதற்கும் உரம் தூவும் தள்ளுவண்டியான ஸ்ப்ரெடரின் தொட்டி காலியாவதற்கும் சரியாக இருந்தது. அந்த நிமிடமே நான் வண்டியை நிறுத்தியிருந்தால் பாதி வீடாவது தப்பியிருக்கும். நானோ காரை எடுத்துக்கொண்டு போய் இன்னொரு மூட்டை வாங்கி வந்தேன்.

மே மாதக் கடைசி. மழை வரும் என்றார்கள், வரவில்லை. நானும் தண்ணீர் விடவில்லை. ஆறாம் நாள் காலையில் பார்த்தால், நான் நடந்த தடமெல்லாம் பட்டை பட்டையாக வைக்கோல் நிறம். உரம் விழும் துளையின் லீவரை மூடாமல் நின்று திரும்பிய இடங்களில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கருகிய வட்டங்கள். குனிந்து விரலால் கிளறினேன். குருணை கரையாமல் புல்லின் அடியில் அப்படியே கிடந்தது. கொல்லையில் வேலியோரம், இரண்டாவது மூட்டையும் எட்டாமல் போன 1,000 சதுர அடி மட்டும் பச்சையாக நின்றது. உரம் படாத இடம்தான் பிழைத்தது. ஆயிரம் சதுர அடிக்கு 3 பவுண்டு விழ வேண்டிய உரம் ஏழரை பவுண்டு விழுந்திருக்கிறது.

காரணம் ஸ்ப்ரெடரின் டயல். உர மூட்டையின் பின்புறம் சில ஸ்ப்ரெடர்களின் பெயரைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே டயலை எந்த எண்ணில் வைக்க வேண்டும் என்று கொடுத்திருப்பார்கள். நான் மலிவாக இருக்கிறதே என்று நாற்பது டாலருக்கு வாங்கிய ஸ்ப்ரெடரின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. கடையில் இருந்தவரைக் கேட்டேன். "எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஐந்தரையில் வையுங்கள்" என்றார். நம்பினேன். டயலில் உள்ள எண் கிலோவும் இல்லை, பவுண்டும் இல்லை. தொட்டியின் அடித்துளை எவ்வளவு திறக்கிறது என்பதற்கு அந்தந்தக் கம்பெனி தானாக வைத்துக்கொண்ட எண். ஒருவருடைய ஐந்தரை இன்னொருவருக்கு மூன்றாக இருக்கலாம். அதனால் ஸ்ப்ரெடர் வாங்கும் முன், நீங்கள் வழக்கமாகப் போடும் உரத்தின் மூட்டையைத் திருப்பிப் பாருங்கள். அந்தப் பட்டியலில் பெயர் இருக்கும் ஸ்ப்ரெடரை வாங்குங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பட்டியலில் இருந்தாலும் அந்த எண்ணை நான் இப்போது அப்படியே நம்புவதில்லை. ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசு எல்லார் வீட்டிலும் இருக்கிறதே, அதில் உரத்தை வாளியோடு தொங்கவிட்டு நிறுத்துக்கொள்கிறேன். டயலைச் சொன்னதைவிடக் குறைவாக வைத்து, அளந்து வைத்த 1,000 சதுர அடியில் ஓட்டி, மிச்சத்தை மறுபடி நிறுத்துப் பார்க்கிறேன். பாதி அளவுதான் விழ வேண்டும். வடக்கு தெற்காக ஒரு நடை, கிழக்கு மேற்காக ஒரு நடை, இரண்டும் சேர்ந்தால் முழு அளவு. குறைந்தால் இன்னொரு நடை போகலாம். கூடிப்போனால் எடுக்க வழியே கிடையாது.

சுழல்தட்டு வைத்து வீசுகிற ஸ்ப்ரெடர் ஒரே சீராக வீசாது. பிறந்தநாள் விருந்தில் மீந்த அலுமினியத் தட்டுகளைப் புல்மேல் குறுக்காக வரிசை வைத்து அதன்மேல் ஓட்டிப் பார்த்தேன். நடுத்தட்டில் எண்ண முடியாத அளவுக்குக் குருணை, கடைசித் தட்டில் ஆறேழு. நடுவில் விழுவதில் பாதி எந்தத் தட்டில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். எனக்கு அது இரு பக்கமும் நாலடியில் இருந்தது. ஆகவே ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் எட்டடி. ஒரு நடையின் ஓரம் அடுத்த நடையின் ஓரத்தோடு சேரும்போதுதான் அளவு சமமாகிறது.

என் மைத்துனர் இன்றைக்கும் விடுவதில்லை. "அத்தான், ஊர்ல தாத்தா கூடையில அள்ளி யூரியாவைக் கையாலதானே வீசினார்? எந்த நாத்து கருகிச்சு?" தாத்தா வீசியது ஈர வயலில். அங்கே யூரியா விழுந்ததும் கரையும். இங்கே காய்ந்த தரையில் குருணை புல்லின்மேல் உட்கார்ந்து, அதன் உப்பு இலையிலும் வேரிலும் உள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது. நாற்பது டாலர் வண்டியே போதும் என்று சொன்னவரும் இந்த மைத்துனர்தான்.

இப்போது என்னிடம் இருப்பது இருநூறு டாலர் வண்டி. வீட்டில் அதற்கும் பேச்சு வாங்கினேன். ஆனால் பழையதன் சிறிய பிளாஸ்டிக் சக்கரங்கள் பனி ஈரத்தில் சறுக்கும். சக்கரம்தான் சுழல்தட்டைச் சுற்றுகிறது. சக்கரம் சறுக்கினால் வீச்சு குறைந்து எல்லாம் காலடியிலேயே விழும். காற்றடைத்த பெரிய சக்கரம் மேடு பள்ளத்திலும் ஒரே வேகத்தில் ஓடுகிறது. கடையில் லீவரை மூடிவிட்டு தொட்டிக்குள் மேலிருந்து பாருங்கள். அடித்துளையில் வெளிச்சம் தெரிந்தால் அந்த வண்டி ஒழுகும், வேண்டாம். பெரிய தொட்டிக்கு ஆசைப்பட வேண்டாம். நம் அளவு வீட்டுக்கு ஒரு மூட்டை கொண்டால் போதும்.

ஒரு பக்கம் குருணை சிதறாமல் மறிக்கும் பக்கத்தடுப்பு கட்டாயம் இருக்க வேண்டும். எங்கள் கொல்லையை அடுத்து ஓடை இருக்கிறது. 2011-இல் வந்த நியூ ஜெர்சி உரச் சட்டப்படி நீர்நிலைக்கு 25 அடிக்குள் உரம் போடக் கூடாது. தடுப்பு வைத்த ஸ்ப்ரெடர் என்றால் 10 அடி வரை போகலாம். எனக்கு அந்தப் பதினைந்து அடி பெரிய விஷயம். பக்கத்து வீட்டுத் தக்காளிப் பாத்திக்கும் அந்தத் தடுப்புதான் காவல், களைக்கொல்லி கலந்த உரம் என்றால் இன்னும் முக்கியம்.

நேராகக் கீழே கொட்டுகிற டிராப் ஸ்ப்ரெடரே பத்திரம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். ஓரம் சுத்தமாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டடி அகலத்துக்கு ஒரு நடை. ஒரு கை அகலம் விட்டுப்போனாலும் இரண்டு வாரத்தில் வரிக்குதிரை மாதிரி வெளுத்த கோடு தெரியும். 5,000 சதுர அடிக்கு என் தேர்வு வீசுகிற வண்டிதான்.

மற்றபடி வழக்கமானவைதான்: தொட்டியைப் புல்மேல் வைத்து நிரப்பாதீர்கள், நடக்க ஆரம்பித்த பிறகு திறந்து நிற்பதற்கு முன் மூடுங்கள், டிரைவ்வேயில் சிதறியதைப் பெருக்கிப் புல்லிலேயே போடுங்கள், முடிந்ததும் வண்டியைக் கழுவிக் காயவையுங்கள்.

செப்டம்பரில் கருகியதைச் சுரண்டி எடுத்து, மேல்மண் பரப்பி, கென்டக்கி புளூகிராஸ் விதைத்தேன். முளைக்கவே மூன்று வாரம் ஆனது, தினமும் இரண்டு வேளை தண்ணீர். தபால் பெட்டியை ஒட்டி, நான் லீவரைத் திறந்துவைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்காரரிடம் பேசி நின்ற இடத்தில், ஒரு முழ அகலத்துக்கு இன்னும் புல் சேரவில்லை. இந்தச் செப்டம்பரில் அங்கே மறுபடி விதைக்கப் போகிறேன்.