சொந்த லொறி: கைக்கு வரும் பணமும் கையில் நிற்கும் பணமும்

கந்தப்பளையிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் விளையும் லீக்ஸ், கரட், கோவா, பீட்ரூட், உருளைக்கிழங்கு ஆகியவை மாலையில் மூட்டைகளாக லொறியில் ஏறுகின்றன. விடியும் முன் அவை பேலியகொடையிலோ தம்புள்ளையிலோ இருக்க வேண்டும். இந்த லொறிகளில் பல, ஒரே ஒரு லொறியை வைத்திருப்பவர்களுடையவை. முதலாளியும் அவரே, சாரதியும் அவரே, இரவில் டயர் மாற்றுபவரும் அவரே.

லயத்தில் பிறந்து வளர்ந்த எமது இளைஞர்கள் பலருக்குச் சொந்தமாக ஒரு லொறி வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. ஆசையில் தவறில்லை. கொழுந்துக் கூடைக்கு வெளியே ஒரு தொழிலைத் தேடுவது நல்லதே. ஆனால் இந்த ஆசைக்கு முதலாக வைக்கப்படுவது எது என்பதை நாம் கவனிக்க வேண்டும். பல வீடுகளில் அது தாயும் தந்தையும் ஓய்வுபெறும்போது கிடைக்கும் பணம். தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதமும் தோட்ட நிர்வாகத்தின் 12 வீதமும் சேர்ந்த ஊழியர் சேமலாப நிதி, நிர்வாகம் செலுத்தும் 3 வீத நம்பிக்கை நிதி, அத்துடன் பணிக்கொடை. நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு சேவை வருடத்துக்கும் 14 நாட் சம்பளம் பணிக்கொடையாக உண்டு. 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் கணக்கிட்டால், 30 வருடம் கொழுந்து பறித்த ஒரு தாய்க்கு 5,67,000 ரூபாய். அவர் வாழ்நாளில் ஒரே தடவை காணும் மொத்தத் தொகை இது. அதை லீசிங் கம்பனியின் முற்பணமாகக் கட்டுவதற்கு முன், வீட்டார் அனைவரும் ஒன்றாக அமர்ந்து ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். இந்தப் பாடம் அந்தக் கணக்கைப் பற்றியது.

கணக்குக்குப் போகுமுன் ஒரு பழைய செய்தி. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஒரு சிறிய ரயில் ஓடியது. இரண்டரை அடி அகலத் தண்டவாளம். 1900களின் தொடக்கத்தில் தேயிலைப் பெட்டிகளை இறக்கவும் அரிசியையும் உரத்தையும் ஏற்றவும் போடப்பட்ட பாதை அது. 1940களில் அது மூடப்பட்டது. வீதியில் வந்த லொறியோடு அதனால் போட்டியிட முடியவில்லை. லொறி தோட்டத்து வாசலுக்கே வந்தது, ரயில் வரவில்லை. அன்று லொறிக்கு வெற்றி தந்த அந்த வசதியே இன்றும் ஒற்றை லொறிக்காரரின் பலம். பெரிய கம்பனியின் பார வாகனம் ஏற முடியாத தோட்டப் பாதையில் அவரது சிறிய லொறி ஏறும். தோட்டக்காரரின் பெயர் அவருக்குத் தெரியும். எவருடைய கரட் கழுவி முடிந்தது, எவருடையது இன்னும் மண்ணோடு இருக்கிறது என்பதும் தெரியும்.

இனிக் கணக்கு. குழுவாக வாசிப்பவர்கள் இதைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டு வாருங்கள். இங்கே தரும் தொகைகள் உதாரணத்துக்கு மட்டுமே. உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

கந்தப்பளையிலிருந்து ஹற்றன், அவிசாவளை வழியாகப் பேலியகொடைக்குச் சுமார் 180 கிலோமீற்றர். போய்வர 360. ஒரு ஹயருக்கு 40,000 ரூபாய் கிடைக்கிறது என்று வைப்போம். மலைப் பாதையில் லீற்றருக்கு 6 கிலோமீற்றர் ஓடினால் 60 லீற்றர் டீசல் வேண்டும். லீற்றர் 280 ரூபாய் என்றால் 16,800. சாரதிக்கு 4,000, உதவியாளுக்கு 2,000, சாப்பாட்டுக்கும் வாகனம் நிறுத்தும் கட்டணத்துக்கும் 1,200. மொத்தச் செலவு 24,000. மிகுதி 16,000. மாதம் 12 தடவை போனால் 1,92,000. லீசிங் தவணை 1,10,000 என்று கழித்தால் 82,000 நிற்கிறது.

பெரும்பாலானோர் இந்த இடத்தில் கொப்பியை மூடிவிடுகிறார்கள். கையில் காசு இருக்கிறது, தவணையும் கட்டியாயிற்று, இனி இது வருமானம் என்று நினைக்கிறார்கள். பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கப்படுகிறது, வீட்டுக்குத் தகரம் போடப்படுகிறது. ஆனால் கணக்கு இன்னும் முடியவில்லை.

மாதம் 12 பயணம் என்றால் 4,320 கிலோமீற்றர். டயர் ஒன்று 60,000 ரூபாய்ப்படி ஆறு டயர்களுக்கு 3,60,000. எமது வளைவுகளில் அவை 40,000 கிலோமீற்றர் தாங்கும் என்று எடுத்தால், ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 9 ரூபாய்க்கு டயர் தேய்கிறது. என்ஜின் ஒயில், பில்டர், பிரேக் பூட்டு, கிளச், வில்லுத் தகடு எல்லாம் சேர்த்துக் கிலோமீற்றருக்கு 5 ரூபாய் வைப்போம். ஆக 14 ரூபாய். மாதத்துக்கு 60,480. இந்தப் பணம் இந்த மாதம் கையை விட்டுப் போகாது. ஒன்பதாம், பத்தாம் மாதத்தில் ஒன்றாகச் சேர்ந்து வந்து வாசலில் நிற்கும். காப்புறுதி, வருவாய் அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, தகுதிச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு வருடம் 1,80,000 என்றால் மாதம் 15,000. இவை இரண்டையும் கழித்தால், 82,000 என்று தெரிந்தது 6,520 ஆகிறது.

லொறியை மகனே ஓட்டினால் சாரதிக்கு ஒதுக்கிய மாதம் 48,000 ரூபாயும் வீட்டுக்கு வரும். உண்மைதான். ஆனால் அது அவர் கண்விழித்து ஓட்டியதற்கான கூலி; இன்னொருவருடைய லொறியை ஓட்டினாலும் கிடைத்திருக்கும். அம்மாவின் பணிக்கொடை சம்பாதித்துத் தந்தது அந்த 6,520 மட்டுமே. இந்த வேறுபாட்டை வீட்டார் தெளிவாகப் பார்க்க வேண்டும். டயர்க் காசைச் சாப்பிடுகிறவர் தன் லொறியையே கொஞ்சம் கொஞ்சமாக விற்றுச் சாப்பிடுகிறார்.

இதற்கு நாம் சொல்லும் வழி பழையது. ஒவ்வொரு பயணமும் முடிந்து வந்ததும் 360 கிலோமீற்றருக்கு 5,040 ரூபாயைத் தனியே எடுத்துவைக்க வேண்டும். வீட்டு அலுமாரியில் வைத்தால் அது நிற்காது. சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ வேறு கணக்கில், கூடுமானால் மனைவியின் அல்லது தாயின் கையொப்பமும் தேவைப்படும் விதத்தில் போட வேண்டும். ஆண்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். தீபாவளிக்கு முந்திய வாரம் அந்த இரண்டாவது கையொப்பத்தின் அருமை தெரியும்.

6,520 ரூபாயை எப்படிக் கூட்டுவது? அதிகம் ஏற்றலாம் என்பது பலருக்கு முதலில் தோன்றும் வழி. அதுவே மிக மோசமான வழியும். ஒரு லொறி மலையிலிருந்து இறங்கும்போது அதன் பாரம் முழுவதையும் பிரேக் தாங்குகிறது. காலைத் தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் பூட்டுகள் சூடேறிப் பிடிப்பை இழக்கும். பிறகு எவ்வளவு அழுத்தியும் பயனில்லை. ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய சாரதிமார் சொல்வதன் பொருள், என்ஜினே வண்டியைத் தடுத்துப் பிடிக்கட்டும் என்பதுதான். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குகிறவர் அந்தத் தடுப்பையும் கைவிடுகிறார். 2023 ஜனவரி 20இல் நானுஓயா ரதெல்லை குறுக்குப் பாதையில் பஸ்ஸும் வானும் முச்சக்கர வண்டியும் மோதி 7 பேர் இறந்தார்கள். அந்தச் சரிவு எமது லொறிகளுக்கும் தெரிந்த சரிவு. அதிகப் பாரம் ஏற்றினால் விபத்தின்போது காப்புறுதியும் கேள்விக்குள்ளாகும்.

சரியான வழி திரும்பும் பயணத்தில் இருக்கிறது. மரக்கறியை இறக்கிய லொறி வெறுமனே ஏறி வந்தால், 180 கிலோமீற்றர் டீசலையும் டயரையும் யாரும் தரவில்லை என்று பொருள். கீழ்நாட்டிலிருந்து மேலே வர வேண்டியவை எத்தனையோ உண்டு: அரிசி, சீமெந்து, கூரைத் தகடு, உரம், மாட்டுத் தீவனம், கடைச் சாமான்கள். எமது மரக்கறித் தோட்டங்களுக்கு வேண்டிய கோழி எருவும் கீழிருந்துதான் வருகிறது. (எரு ஏற்றிய லொறியை நன்றாகக் கழுவாமல் லீக்ஸ் ஏற்றுபவர்களைப் பற்றி இங்கே எழுதாமல் விடுகிறோம், அவர்கள் யார் என்பது அவரவர் ஊரில் தெரியும்.) மாதத்தில் ஆறு தடவை மட்டும் 10,000 ரூபாய்க்குத் திரும்பு சுமை கிடைத்தாலும் 60,000 கூடும். ஏற்றுக்கூலி, பாரத்தால் கூடும் டீசல் என்று ஒரு பகுதி போனாலும், 6,520 என்ற தொகை பல மடங்காகும். ஆனால் இது தற்செயலாகக் கிடைப்பதில்லை. கந்தப்பளை, இராகலை, உடப்புசல்லாவைக் கடைக்காரர்களிடம் முதல்நாளே கேட்டுவைக்க வேண்டும். சொன்ன நேரத்துக்கு, சொன்ன நிறையில், நனையாமல் கொண்டுவந்து இறக்க வேண்டும். நான்கைந்து ஒற்றை லொறிக்காரர்கள் ஒரு சிறு குழுவாகச் சேர்ந்தால், ஒருவருக்கு முடியாத நாளில் மற்றவர் போகலாம். கடைக்காரரும் வேறிடம் தேட மாட்டார்.

நம்பிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல தோட்டக்காரர்கள் மூட்டையை லொறியில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். சந்தையில் என்ன விலை போனது என்பது லொறிக்காரர் கொண்டுவரும் துண்டில்தான் அவர்களுக்குத் தெரிகிறது. துண்டை அப்படியே கொடுப்பவருக்குப் பத்து வருடத்துக்கும் மூட்டை இருக்கும்.

கெட்ட காலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2021 டிசம்பரில் ஒரு லீற்றர் டீசல் 121 ரூபாய். 2022 ஜூன் இறுதியில் அது 460. எமது உதாரணப் பயணத்துக்கான 60 லீற்றர் அப்போது 27,600 ரூபாய். காசு இருந்தும் டீசல் கிடைக்கவில்லை. அதே வருடம் ஓகஸ்டில் கியூஆர் முறை வந்தபோது லொறிக்கு முதலில் ஒதுக்கப்பட்டது வாரம் 50 லீற்றர். ஒரு பயணத்துக்கே போதாது. அதற்கு முந்திய வருடம் இரசாயன உரத் தடையால் விளைச்சலும் குறைந்திருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மண்சரிவால் மலையகப் பாதைகள் பல இடங்களில் அடைபட்டன. இந்த நாட்களிலெல்லாம் லொறி நிற்கும், தவணை நிற்காது. குறைந்தது மூன்று மாதத் தவணையைக் கையிருப்பாக வைக்காமல் லீசிங் பத்திரத்தில் ஒப்பமிட வேண்டாம் என்பது எமது கருத்து. தவணை முடியும்வரை பதிவுப் புத்தகத்தில் முழு உரித்தாளர் கம்பனிதான். பிணைக்குக் கையெழுத்திடும் மாமாவும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பழைய லொறி வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்கட்டும். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல் மீண்டும் திறக்கப்படும்வரை பழைய வாகனங்களின் விலை ஏறியது. அந்தச் சில வருடங்களைப் பார்த்து, லொறி வாங்கிப்போட்டால் விலை ஏறும் என்று எண்ணக் கூடாது. ஓடும் வாகனம் தேயும் பொருள்.

கடைசியாக, கூலி பேசும் நேரம். மரக்கறி குறைந்த மாதங்களில் ஒருவர் வந்து, “தம்பி, 35,000க்குப் போவீர்களா?” என்று கேட்பார். கணக்கு வைத்திருப்பவர் கோபிக்க வேண்டியதில்லை. பயணச் செலவு 24,000, தேய்மானம் 5,040, ஆக 29,040. தவணையும் காப்புறுதியும் லொறி நின்றாலும் போகத்தான் போகின்றன. வேறு ஹயர் இல்லாத நாளில் 35,000க்குப் போனால், அந்தத் தவணைக்கு 5,960 ரூபாய் சேரும். போகலாம். ஆனால் வருடம் முழுவதும் அந்த விலைக்கு ஓட முடியாது என்பதையும் அவரிடமே சொல்லிவிட வேண்டும். 28,000 என்று கேட்டால், லொறி கந்தப்பளையிலேயே நிற்கட்டும்.