காலணி கழன்றால் விசில் ஊதலாமா?

கூடைப்பந்து ஆட்டத்தின் நடுவே ஒருவரின் காலணி கழன்றுவிட்டால் நடுவர் ஆட்டத்தை நிறுத்த வேண்டுமா? எளிய கேள்வியாகத்தான் தோன்றும். ஆனால், இதற்குத் தவறான விடை கண்டதால் ஓர் அணியின் வெற்றி வாய்ப்பையே நான் பறித்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு, விடுதிகளுக்கிடையிலான அரையிறுதி ஆட்டம். ஒரு நிமிடத்திற்கும் குறைவான நேரமே எஞ்சியிருந்தது. ஒரு புள்ளி பின்தங்கியிருந்த அணியின் ஆட்டக்காரர் பந்தைப் பறித்துக்கொண்டு கூடையை நோக்கித் தனியே ஓடினார். அவரைத் துரத்திய எதிரணி ஆட்டக்காரரின் காலணி கழன்று பின்னால் விழுந்தது. ஒற்றைக் காலணியோடு அவர் தடுமாறியதைக் கண்டதும் இரக்கப்பட்டு விசில் ஊதிவிட்டேன். அடுத்த கணமே பந்து கூடைக்குள் விழுந்தது. பந்து கையை விட்டுச் செல்லும் முன்பே விசில் ஒலித்துவிட்டதால், அந்த 2 புள்ளிகள் செல்லாமல் போயின.

பந்து மீண்டும் அதே அணிக்குத்தான் கிடைத்தது. ஆனால், அதற்குள் எதிரணியினர் ஐவரும் தத்தம் இடத்திற்குத் திரும்பிவிட்டனர். முடிவில் அந்த அணி தோற்றது. அதன் தலைவர் எனக்கு இளையர். ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தார். "அண்ணே, காலணி கழன்றது அவங்களுக்கு. தண்டனை மட்டும் எங்களுக்கா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அன்றிரவே விதிநூலைப் புரட்டினேன்.

விதி காட்டும் வழி

அனைத்துலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபாவின் விதிகளில் காயம் பற்றிய பகுதி எனக்கு வழிகாட்டியது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில் ஒருவர் காயமுற்றால் நடுவர் உடனே விசில் ஊதக் கூடாது. பந்தை வைத்திருக்கும் அணி அதைக் கூடைக்கு எறியும்வரை, அல்லது பந்தை இழக்கும்வரை, அல்லது தானாகவே ஆட்டத்தைத் தொடராமல் பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்வரை, அல்லது வேறு காரணத்தால் ஆட்டம் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். காயமுற்றவரைப் பாதுகாக்க வேண்டிய தேவை இருந்தால் மட்டும் உடனே நிறுத்தலாம்.

காயம்பட்டவருக்கே இந்த நடைமுறை என்றால், கழன்ற காலணிக்காக நான் அவசரப்பட்டது எப்படிச் சரியாகும்? இப்போது காலணி, கயிறு, மூக்குக்கண்ணாடி என எந்தச் சிக்கல் வந்தாலும் இந்த முறையையே பின்பற்றுகிறேன்.

ஒரு விசிலின் விலை

நடுவர் விசில் ஊதிக் கடிகாரம் நின்றதும் இரு அணிகளும் ஆட்டக்காரரை மாற்றலாம். டைம் அவுட்டும் கேட்கலாம். ஓர் அணிக்கு முற்பாதியில் 2, பிற்பாதியில் 3 டைம் அவுட்டுகள் மட்டுமே உண்டு. பிற்பாதிக்குரிய மூன்றில் 2-ஐ மட்டுமே நான்காம் பகுதியின் கடைசி 2 நிமிடங்களில் பயன்படுத்த முடியும். அவிழ்ந்த காலணிக் கயிற்றுக்கெல்லாம் நாம் ஆட்டத்தை நிறுத்தினால், களைத்துப்போன அணிக்கு இலவச ஓய்வு கொடுத்தவர்களாவோம். வேண்டுமென்றே ஆட்டத்தைத் தாமதப்படுத்துபவருக்கு டெக்னிகல் ஃபவுல் வழங்க விதியில் இடமுண்டு. ஆட்டம் இயல்பாக நிற்கும்போது கயிற்றைக் கட்டிக்கொள்ளச் சொல்வதே முறை.

உடனே நிறுத்த வேண்டிய நேரம்

எல்லாவற்றுக்கும் காத்திருக்கவும் கூடாது. மூக்குக்கண்ணாடி உடைந்து அதன் துண்டுகள் ஆட்டக்காரர்கள் ஓடும் இடத்தில் சிதறினால், பந்து யாரிடம் இருந்தாலும் ஆட்டத்தை நிறுத்தியாக வேண்டும். காலணியும் சில வேளைகளில் ஆபத்தாகலாம். 20.2.2019 அன்று அமெரிக்காவில் டியூக், வட கரோலினா பல்கலைக்கழகங்கள் மோதிய ஆட்டத்தின் முதல் நிமிடத்திலேயே சயோன் வில்லியம்சனின் இடது காலணி கிழிந்தது. அவர் சறுக்கி விழுந்ததில் வலது முழங்கால் சுளுக்கிக்கொண்டது. இப்படி ஒருவர் எழ முடியாமல் கிடந்தால் நடுவர் பார்க்க வேண்டியது காலணியை அல்ல, ஆட்டக்காரரை.

வருமுன் காப்போம்

பெரும்பாலான சிக்கல்களை ஆட்டத்திற்கு முன்பே தவிர்த்துவிடலாம். ஆட்டம் தொடங்க 20 நிமிடங்களுக்கு முன்பே நடுவரின் அதிகாரம் தொடங்கிவிடுகிறது. அந்நேரத்தில் தோடு, மோதிரம், காப்பு ஆகியவற்றைக் கழற்றச் சொல்லலாம்; நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டுள்ளனவா எனப் பார்க்கலாம்; காலணிக் கயிறுகளை இறுக்கிக் கட்டும்படி நினைவூட்டலாம்.

விதிகள் மாறுவதையும் நடுவர் அறிந்திருக்க வேண்டும். 2014-இல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டுப் போட்டியில், முக்காடு அணிந்து ஆட அனுமதி கிடைக்காததால் கத்தார் பெண்கள் அணி போட்டியிலிருந்து விலகியது. அந்தத் தடையை ஃபீபா 2017-இல் நீக்கியது. முகத்தை மறைக்காத, எவருக்கும் ஆபத்து விளைவிக்காத தலையணியை நிபந்தனைகளுடன் இப்போது அணியலாம். பழைய விதியை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாணவியைத் திடலிலிருந்து வெளியே அனுப்பினால் அது பெரும் அநீதியாகும்.

இன்று விசிலை வாயில் வைக்கும்முன் மூன்று கேள்விகளை எனக்குள் கேட்டுக்கொள்கிறேன். யாருக்காவது ஆபத்தா? நான் நிறுத்தினால் யாருக்கு ஆதாயம்? ஆட்டம் தானாக நிற்கும்வரை பொறுக்க முடியுமா? ஆபத்து என்றால் உடனே ஊதுகிறேன். இல்லையென்றால் பொறுக்கிறேன்.

சில வாரங்களுக்குப் பிறகு அந்த அணித் தலைவரைத் தேடிச் சென்று, "தம்பி, அன்று நான் ஊதியது தவறு" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "அடுத்த ஆட்டத்துக்கும் நீங்களே வாங்கண்ணே" என்றார். பறிபோன புள்ளிகளை என்னால் திருப்பித் தர முடியாது. அடுத்த ஆட்டத்திற்குச் சரியாகத் தயாராவது மட்டுமே என்னால் முடிந்தது. நண்பர்களே, விசிலைக் கையில் எடுக்க நீங்களும் முன்வாருங்கள்; விதிநூலை ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள்!