கார்டு கடனை எவ்வளவு பர்சனல் லோனுக்கு மாத்தணும்? ரெண்டே சமன்பாடு போதும்!

ஒன்பதாம், பத்தாம் வகுப்புல போட்ட "பிரதியிடல் முறை" ஞாபகம் இருக்கா? அது சம்பளக்காரங்களுக்கு எங்க உதவும்னு இன்னைக்குப் பார்க்கலாம்.

ஒருத்தருக்கு கிரெடிட் கார்டில் ரூ.1,50,000 நிலுவை. வட்டி மாதம் 3.5%. அதாவது மாசம் ரூ.5,250 வட்டிக்கே போகுது. வங்கி ஆண்டுக்கு 15% வட்டியில் பர்சனல் லோன் தரத் தயார். அவரால் வட்டிக்காக மாசம் ரூ.3,000 தான் ஒதுக்க முடியும். குறைந்தபட்சம் எவ்வளவு லோன் கேட்கணும்?

கார்டில் விடுற தொகை க, லோனுக்கு மாத்துற தொகை ல.

முதலில் ஒரு எச்சரிக்கை: கார்டு வட்டி மாதக் கணக்கு, லோன் வட்டி ஆண்டுக் கணக்கு. ரெண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டு வரணும். 15 ÷ 12 = மாதம் 1.25%.

சமன்பாடு 1: க + ல = 1,50,000
சமன்பாடு 2: 0.035க + 0.0125ல = 3,000

படி 1: முதல் சமன்பாட்டில் இருந்து, ல = 1,50,000 − க

படி 2: இதை இரண்டாவதில் ல இருக்கும் இடத்தில் போடுங்க. அடைப்புக்குறி முக்கியம்!
0.035க + 0.0125(1,50,000 − க) = 3,000

படி 3: பெருக்கிச் சுருக்கினால்,
0.035க + 1,875 − 0.0125க = 3,000
0.0225க = 1,125
க = 50,000

படி 4: ல = 1,50,000 − 50,000 = 1,00,000

சரிபார்ப்போம்: கார்டு வட்டி 1,750 + லோன் வட்டி 1,250 = 3,000. சரியா வந்துடுச்சு!

ஆக, ரூ.1 லட்சம் லோன் கிடைச்சா முதல் மாசமே வட்டியில் ரூ.2,250 மிச்சம். இன்னொன்றையும் கவனிங்க: கடனில் மூணில் ஒரு பங்குதான் கார்டில் இருக்கு, ஆனா வட்டியில் பாதிக்கு மேல் அதுதான் தின்னுது. போனஸ் வந்தா முதலில் எதை அடைக்கணும்னு இப்ப புரியுதா?

15%-ஐ 12 ஆல் வகுக்காம போட்டிருந்தா, க ரூ.1,69,565 ஆயிடும். மொத்தக் கடனையே தாண்டுது! விடை இப்படி வந்தா, சமன்பாட்டை அமைச்சதில் தப்பு இருக்குன்னு அர்த்தம்.

இந்தக் கணக்கில் ஜிஎஸ்டி, லோன் செயலாக்கக் கட்டணம் சேர்க்கலை. கார்டு வட்டிக்கு மேல் 18% ஜிஎஸ்டி உண்டு. கையெழுத்து போடும் முன் ரெண்டையும் சேர்த்துப் பாருங்க.

உங்களுக்கு ஒரு பயிற்சி: வட்டி ரூ.2,550 ஆகக் குறையணும்னா எவ்வளவு மாத்தணும்? ரூ.1,20,000 வந்தா நீங்க பாஸ்!