நிழலைக் கொஞ்சம் கொஞ்சமா எடுங்க



நாத்துமேடையில் வேலை செய்தவர்களுக்கு இது தெரியும். தேயிலைக் கன்று வேர் பிடிக்கும்வரை நிழல் வேண்டும். பிறகு நிழலைப் படிப்படியாகக் குறைப்பார்கள். ஒரேயடியாக எடுத்தால் கன்று கருகும். எடுக்காமலே விட்டால் மலையில் நட்டபின் வெயில் தாங்காது.

மனிதருக்கும் இதே நியாயம்தான். 1977 கலவரத்துக்குப் பின் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போன நம்ம சனங்கள் பலரை, காந்தியம் அமைப்பு வவுனியாப் பக்கம் குடியேற்றியது. ஊன்றி நிற்க உதவி கிடைத்தது. காட்டை வெட்டி விதைத்தது அவர்கள் கைதான்.

இன்று சில வீடுகளில் வளர்ந்த மகன் எந்த வேலையிலும் நிலைக்காமல் கடன் வாங்குகிறான். அம்மா கொழுந்துச் சம்பளத்தில் கட்டுகிறாள். அடுத்த மாதமும் அதே கதை. பாசம்தான், ஆனால் பிள்ளை ஊன்ற வழியில்லை.

செய்ய வேண்டியவை:

1. கோபம் இல்லாத நேரத்தில் சொல்லுங்கள்: "தம்பி, சோறும் படுக்கையும் இங்க எப்பவும் இருக்கு. ஆனா ஒன் கடனை இனி நாங்க கட்ட மாட்டோம். பிணைக் கையெழுத்தும் போட மாட்டோம்."
2. அப்பா, அம்மா, பாட்டி எல்லாரும் ஒரே பேச்சில் நில்லுங்கள்.
3. கிராம சேவகரிடம் கடிதம் வாங்குவது போன்ற வேலைகளுக்கு அவனே போகட்டும்.
4. சின்ன முன்னேற்றத்தையும் வாய்விட்டுப் பாராட்டுங்கள்.

கவனம்: பிள்ளை தூங்காமல், சாப்பிடாமல் ஒதுங்கினால், சாவைப் பற்றிப் பேசினால், அது சோம்பல் இல்லை. தனியே விடாதீர்கள். 1926 இலக்கத்துக்கு அழையுங்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

வீட்டில் பேசிப் பாருங்கள்: இந்த மாதம் எந்த ஒரு வேலையைப் பிள்ளையிடமே விடலாம்?