சீனி வருத்தமும் மலை வேலையும்

"நாங்க நாள் முழுக்க மலை ஏறி இறங்குற ஆளுங்க. எங்களுக்கு ஏது சீனி வருத்தம்? அது உக்காந்து திங்கிறவங்களுக்கு வாறது." லயத்தில் இப்படிச் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2018–2019 காலத்தில் இலங்கை முழுவதும் நடந்த ஓர் ஆய்வில், வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 23 சதவீதமானோருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. நாலு பேரில் ஒருவருக்கு என்ற கணக்கு. மலையில் வேலை செய்கிறோம் என்பதற்காக அது நம்மை விட்டுவைக்காது.

வருத்தம் இருப்பது தெரிந்த பிறகு, "மாத்திரை குடிக்கிறேன்தானே, அது போதும்" என்று பலர் இருந்துவிடுகிறார்கள். இரத்தத்தில் உள்ள சீனியைச் சாப்பாடு கூட்டுகிறது. மருந்தும் உடல் உழைப்பும் குறைக்கின்றன. ஆகவே சாப்பாடு, மருந்து, வேலை மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தி நடக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் ஆபத்து. நமது ஒரு நாளை எடுத்து இதைப் பார்ப்போம்.

காலையில்

எழுந்ததும் தேத்தண்ணி, பெரட்டுக்கு முன் ஒன்று, மலையில் ஒன்று, வீடு திரும்பி இரண்டு. கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் ஒரு நாளைக்குப் பத்துக் கரண்டி. அது 40 கிராமுக்கு மேல். தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை; சீனியை விடுங்கள். ஒரேயடியாக முடியாவிட்டால் வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறையுங்கள். சீனிக்குப் பதிலாகக் கருப்பட்டி கடிப்பதிலும் பயனில்லை. அதுவும் சீனியைக் கூட்டும்.

கோதுமை மா ரொட்டியும் வயிற்றில் சீனியாகத்தான் மாறுகிறது. இரண்டு தடித்த ரொட்டியும் சம்பலும் சாப்பிடுபவர், ஒரு ரொட்டியைக் குறைத்து, பருப்போ கடலையோ, ஒரு கை கீரையோ சேர்த்துக்கொள்ளலாம். பசியும் தாங்கும்.

ஆனால் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு மலைக்குப் போகவே கூடாது. மெட்போமின் மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுத்தால் வயிற்றைப் புரட்டாது. கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் வேறு மாதிரி. அவற்றை எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் வேலை செய்தால் சீனி மிகவும் இறங்கிவிடும். உங்களுக்குத் தந்திருப்பது எந்த மாத்திரை, சாப்பிட முடியாத நாளில் என்ன செய்வது, விரதம் பிடிக்கலாமா என்பதையெல்லாம் கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மலையில்

கொழுந்து கூடுதலாக உள்ள காலத்தில் கூடை கனக்கும், சாப்பாட்டு நேரம் தள்ளிப் போகும். அப்போதுதான் சீனி இறங்கும். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், திடீரென்று பசிக்கும், கண் மங்கும். பனிமூட்டத்திலும் உடம்பு வேர்த்துக் கொட்டும். சிலருக்குப் பேச்சுக் குழறும், காரணமில்லாமல் கோபம் வரும். பார்ப்பவர்கள், "காலையிலேயே தண்ணி போட்டிருக்கான்" என்பார்கள். "பேய் பிடிச்சிருக்கு" என்று திருநீறு தேடுவாரும் உண்டு. இரண்டும் இல்லை. மூளைக்குச் சீனி போதாமல் தவிக்கிற நேரம் அது.

அந்த நேரத்தில் சீனிதான் மருந்து. மூன்று தேக்கரண்டி சீனியை உடனே வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளிவு வராவிட்டால் இன்னொரு முறை அதேபோல் செய்ய வேண்டும். தெளிந்ததும் ரொட்டியோ பிஸ்கட்டோ சாப்பிட வேண்டும். சீனியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், மூன்று கரண்டிச் சீனியை நனையாத பையில் கட்டி இடுப்பில் முடிந்துகொண்டு மலைக்குப் போங்கள். பக்கத்து நிரையில் நிற்பவரிடம், "அக்கா, எனக்குச் சீனி வருத்தம் இருக்கு, நடுங்கினா இந்தப் பையை அவுத்துக் குடுங்க" என்று சொல்லி வையுங்கள். கங்காணிக்கும் தெரிந்திருக்கட்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக்கூடாது. மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

மாலையில்

சீனி பல காலம் கூடியே இருந்தால் காலின் நரம்பு மரத்துப்போகும். முள் குத்தினாலும், அட்டை கடித்தாலும், செருப்பு உரசினாலும் தெரியாது. தெரியாத புண்தான் பழுத்து விரலை எடுக்கும் நிலைக்குக் கொண்டுவருகிறது. வெறுங்காலோடு மலைக்குப் போகாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் சவர்க்காரம் போட்டுக் காலைக் கழுவி, விரல் இடுக்குகளை ஈரமில்லாமல் துடையுங்கள். சுடுதண்ணீரின் சூட்டைக் காலால் அல்ல, முழங்கையால் பாருங்கள். குளிருக்கு அடுப்படியில் கால் நீட்டிக் காய்வது நம் வழக்கம். மரத்த காலுக்கு அது பொல்லாதது, வெந்தாலும் தெரியாது. உள்ளங்காலை நீங்களே பார்க்க முடியாவிட்டால் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். சிறிய புண்ணையும் மறுநாளே காட்டுங்கள்.

கிளினிக் நாளில்

கிளினிக்குக்குப் போனால் ஒரு பேர் போய்விடும் என்பது உண்மையான கஷ்டம். ஆனால் கால் புண்ணோடு வாட்டில் படுத்தால் போவது எத்தனை பேர்? அரசாங்க ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். அடுத்த திகதியைக் கங்காணியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். "இப்ப உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்று மருந்தை நிறுத்த வேண்டாம். மருந்தால்தான் நன்றாக இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையைக் கடன் வாங்கவும் வேண்டாம். அவருக்கான அளவு உங்களுக்கானது அல்ல.

அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், ஆறாத புண், காரணமில்லாத மெலிவு இருப்பவர்கள் இரத்தம் சோதித்துப் பாருங்கள். பெற்றோருக்கு இந்த வருத்தம் இருந்தவர்களும் சோதிப்பது நல்லது. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் வந்தால், வைத்தியர் மீண்டும் சோதித்து நீரிழிவுதானா என்று உறுதிப்படுத்துவார்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

1. நம் வீட்டில் ஒருவர் ஒரு நாளைக்கு எத்தனை கரண்டிச் சீனி குடிக்கிறார்?
2. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ உடம்பு வேர்த்து நடுங்கினால் முதலில் என்ன கொடுப்போம்? நினைவில்லாவிட்டால் எதைச் செய்யக்கூடாது?
3. இன்று இரவு யாருடைய காலை யார் பார்ப்பது?